இரண்டு கிலோ அறுநூற்று முப்பது, துண்டு நீங்கலாக

"எட்டாம் நாள், வியாழக்கிழமை. தென்காசியில் மாலை 5.10, இங்கே பிற்பகல் 1.40. எடை 2 கிலோ 630 கிராம், துண்டு நீங்கலாக. குழந்தை விழித்திருந்தாள். உடனிருந்தவர்கள்: மாமா, அத்தை, இசக்கி."

என் குறிப்பேட்டில் இருக்கும் பதிவு இது. எழுதிய இடம் நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரம், என் அலுவலகத்தின் மூன்றாம் மாடி. எழுதி முடித்துப் பேனாவை மூடியபோது எதிர் மேசைக்காரர் ஹென்க், பாதி கடித்த ரஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் நின்றார். "எவ்வளவு எடை?" என்று கேட்டார். குழந்தை பிறந்தால் இந்த ஊரில் தகப்பன் அலுவலகத்துக்கு வட்ட ரஸ்க் கொண்டுவர வேண்டும். அதில் வெண்ணெய் தடவி, சர்க்கரை பூசிய சோம்பு தூவ வேண்டும். பெண் குழந்தைக்கு இளஞ்சிவப்பும் வெள்ளையும், ஆணுக்கு நீலமும் வெள்ளையும். அந்தச் சோம்புக்கு 'மௌஷஸ்' என்று பெயர். சின்ன எலிகள் என்று அர்த்தமாம். தாய்க்குப் பால் சுரக்கும் என்பதற்காக வந்த வழக்கம் என்று ஹென்க்தான் சொன்னார். என் மனைவி கோமதிக்கு அதே நாளில் தென்காசியில் பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பால் சுரக்க வேண்டியவள் அங்கே இருக்க, இங்கே நானும் ஹென்க்கும் இன்னும் பதினான்கு பேரும் எலி தின்றுகொண்டிருந்தோம்.

நம் பக்கத்தில் யாரும் பிறந்த குழந்தையின் எடையைக் கேட்பதில்லை. யார் சாயல், என்ன நிறம், தலையில் முடி இருக்கிறதா என்று கேட்பார்கள். எடையை வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும். இங்கே அதை அட்டையில் அச்சடித்துத் தபாலில் அனுப்புகிறார்கள். சிலர் மரத்தில் கொக்கு மாதிரி ஒன்று செய்து அதன் வயிற்றில் பெயரையும் கிராமையும் எழுதி வாசலில் நட்டு வைக்கிறார்கள். நான் எண்களை விரும்புகிறவன். ரயில் எத்தனை நிமிடம் தாமதம் என்பதைக்கூட எழுதி வைக்கிறவன். ஆகவே சொல்லிவிட்டேன். "பிறந்தபோது 2740." ஹென்க் ரஸ்க்கை மெல்லுவதை நிறுத்தினார். அவர் பேரன் நாலே கால் கிலோ. "சின்னவள்" என்றார். பிறகு, "அப்படியானால் இன்று சீக்கிரம் வீட்டுக்குப் போகலாமே?" என்றார். மனைவியும் குழந்தையும் இந்தியாவில், அவளுடைய அப்பா அம்மா வீட்டில் இருக்கிறார்கள் என்றேன். அவர் முகம் மாறியது. போய் எனக்கு ஒரு காப்பி எடுத்துவந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தித் தன் தம்பிக்கும் இப்படித்தான் நடந்தது என்றும், இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசும் நல்ல ஒரு பெண்மணியைத் தனக்குத் தெரியும் என்றும் சொல்ல ஆரம்பித்தார். நாங்கள் பிரிந்துவிட்டதாக அவர் நினைக்கிறார் என்று புரிவதற்குள் அந்தப் பெண்மணியின் கட்டணம் வரை வந்துவிட்டார்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதை டச்சில் விளக்க என்னால் முடியவில்லை. ஏழாம் மாதம் வளைகாப்புக்குப் போனவள் கோமதி. நான் பிரசவத் தேதியை ஒட்டி விமானச்சீட்டு எடுத்து வைத்திருந்தேன். குழந்தை மூன்று வாரம் முந்திக்கொண்டாள். என் குடியிருப்பு அட்டை அப்போது புதுப்பிப்பதற்குப் போயிருந்தது. அட்டை இல்லாமல் இந்த நாட்டை விட்டு வெளியே போகலாம். திரும்பி வருவதுதான் கஷ்டம். வெளிநாட்டில் இருக்கும் வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

போக முடியாதவன் என்ன செய்வான்? தகவல் கேட்பான். மருத்துவமனையிலிருந்து நாலாம் நாள் வீட்டுக்கு வரும்போது எடை 2560. பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் கொஞ்சம் எடை குறைவதும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்புவதும் இயல்பு என்று படித்திருந்தேன். அதன் பிறகு நாள் ஒன்றுக்கு இருபது முப்பது கிராம் ஏறினால் நல்லது. ஆகவே எனக்கு எண் வேண்டும். வீட்டில் எடை பார்க்க என்ன இருக்கிறது என்று மாமாவிடம் கேட்டேன். அவர் பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருப்பவர். "நம்மகிட்ட போயி தராசு இருக்கான்னு கேக்கீங்களே மாப்ள" என்று சிரித்தார். மறுநாளே கடையில் மிளகாயும் இஞ்சியும் நிறுக்கும் சின்ன எலக்ட்ரானிக் தராசு மேலகரத்தில் இருக்கும் மாமா வீட்டுக்கு வந்துவிட்டது.

நான் விதிகள் எழுதி அனுப்பினேன். குழந்தைக்கு உடை கூடாது. துண்டைத் தனியே நிறுத்துக் கழிக்க வேண்டும். தினம் ஒரே நேரம். எண் தெரியும்படி புகைப்படம். மாமாவுக்கு இது பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். வீடியோவில் அவர் கண்ணாடியை ஏற்றி இறக்கி, எண் ஓரிடத்தில் நிற்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"ஏட்டி இசக்கி, கைய எடு. ஆடுதுல்லா!"

"நான் எங்கப்பா ஆட்டுதேன்? ஒங்க பேத்திதான் ஒதைக்கா."

"தக்காளி இப்பிடிக் காலாட்டாது, மாப்ள" என்பார் என்னைப் பார்த்து.

இசக்கி கோமதியின் தங்கை, பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவள். தினமும் போனைப் பிடிப்பவள் அவள்தான். நான் அழைத்தால் முதலில் அவள் முகம் வரும். "அத்தான், ஒரு நிமிசம். ஒங்க மகளுக்குப் பவுடர் போட்டுக் கூட்டிட்டு வாரேன்." ஒரு நிமிடம் என்பது நாலு நிமிடமாகும். பிறகு பொட்டும் பவுடருமாகக் குழந்தையின் முகம் திரையை நிறைக்கும். வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு தடவை, மதிய இடைவேளையில் ஒரு தடவை, வீடு திரும்பியதும் ஒரு தடவை. சில நாள் இடையிலும். பெரும்பாலும் நான் பார்க்கும்போது குழந்தை தூங்க ஆரம்பித்திருப்பாள். சாதுவான பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதைக் குறித்து வைத்தேன்.

ஆறாம் நாள் 2610. எட்டாம் நாள் 2630. பத்தாம் நாள் 2620. பன்னிரண்டாம் நாள் 2640. ஏறுவது மெதுவாகத்தான், ஆனால் ஏறுகிறது. அந்தப் பன்னிரண்டாம் நாள் சாரல் ஆரம்பித்தது என்றும் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

சாரல் தொடங்கினால் மேலகரத்தில் என்ன நடக்கும் என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் சாலையோரம் வீடு. சீசனில் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் அருவிக்கு வருவார்கள். வருகிற வழியில் பையை வைத்துவிட்டுப் போவார்கள். குளித்துவிட்டு ஈரத்தலையோடு திரும்பி வந்து காப்பி குடிப்பார்கள். இந்த வருடம் கூடுதலாக ஒரு பச்சைப்பிள்ளை. வாசுதேவநல்லூர் சித்தப்பா குடும்பம், இலத்தூர்ப் பெரியம்மா, மதுரையிலிருந்து ஒரு வேன். வந்தவர்களுக்குப் பிள்ளையைக் காட்டாமல் அனுப்ப முடியுமா? இசக்கி எனக்கு அவர்கள் பெயரையெல்லாம் சொல்வாள். நான் அதையும் எழுதிக்கொண்டேன். யார் யார் என் மகளைப் பார்த்தார்கள் என்ற பட்டியல் அது. கொஞ்சம் பொறாமையோடு எழுதினேன்.

பதினாலாம் நாள் மருத்துவமனையில் எடை பார்த்தார்கள். 2570.

நான் அப்போது பேருந்தில் இருந்தேன். கோமதி வெறும் எண்ணை மட்டும் தட்டி அனுப்பியிருந்தாள். இரண்டு நாளில் எழுபது கிராம் போய்விட்டதா? இல்லை, பத்து நாளாக ஒன்றுமே ஏறவில்லையா? பிறந்த எடைக்கு இன்னும் நூற்று எழுபது குறைவு. எத்தனை தடவை சிறுநீர் கழிக்கிறாள் என்று டாக்டர் கேட்டதாகவும், நாலு என்று சொன்னதும் அது போதாது என்றதாகவும் இசக்கி குரல் செய்தி அனுப்பினாள். வேறு கோளாறு எதுவும் தெரியவில்லை. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் பால் கொடுங்கள். பால் கொடுக்கும் முறையைப் பார்க்க ஒரு நர்ஸை வீட்டுக்கு அனுப்புகிறேன். மூன்று நாள் கழித்து வாருங்கள். அப்போதும் ஏறாவிட்டால் டின் பால் சேர்க்க வேண்டியிருக்கும். இவ்வளவுதான் டாக்டர் சொன்னது. கடைசி வாக்கியத்தை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். கோமதியிடம் கேட்காமல் மாமாவை அழைத்து, மூன்று நாள் எதற்கு, இன்றே ஒரு டின் வாங்கி வையுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

மாமாவுக்கு வேறு கவலை. "ஆஸ்பத்திரித் தராசுதான் கோளாறு" என்றார். "எந் தராசு தப்புன்னு இன்னைவரைக்கும் காய் கொண்டு வார ஒரு சம்சாரி சொன்னதில்ல மாப்ள." நிரூபிக்கவே செய்தார். கடைப்பொட்டலமாக ஒரு கிலோ சீனியை எடுத்துத் தராசில் வைத்தார். சரியாக ஆயிரம். இரண்டு கிலோ அரிசி, இரண்டாயிரம். என் பக்கம் திரும்பி, பாருங்கள் என்பதுபோல் கையை விரித்தார். பிறகு துண்டை விரித்து என் மகளைக் கிடத்தினார். 2630.

கேமராவைப் பிடித்திருந்த இசக்கி துண்டின் ஓரத்தைத் தூக்கினாள். "இது என்னப்பா?"

ஓர் எலுமிச்சம்பழம் உருண்டு தராசுத் தட்டின் விளிம்பில் போய் நின்றது. நெற்றியில் குங்குமத்தோடு.

கடையில் தினமும் காலையில் முதல் எடை போடும் முன் தராசில் ஒரு பழத்தை வைத்துக் கும்பிடுவது மாமாவின் முப்பது வருஷப் பழக்கம். வெறும் தட்டில் எடை போடமாட்டார். அந்தப் பழம் மாலைவரை தட்டின் ஓரத்தில் அப்படியே கிடக்கும். ஐம்பது கிலோ மூட்டை நிறுக்கிற கடையில் அது ஒரு கணக்கே இல்லை. வீட்டிலும் தராசு வந்த நாளிலிருந்து தினம் ஒரு புதுப் பழம் வைத்திருக்கிறார். பிள்ளைக்குக் குத்தாமல் இருக்க அத்தை அதைத் துண்டுக்கு அடியில் ஓரமாகத் தள்ளி வைத்திருக்கிறாள். சோதனைக்காக நிறுத்த சீனிக்கும் அரிசிக்கும் மட்டும் பழம் இல்லை, பேத்தியைக் கிடத்தும் முன்தான் அது தட்டுக்கு வந்திருக்கிறது. துண்டைத் தனியே நிறுத்துக் கழித்தபோது பழத்தை யாரும் நினைக்கவில்லை. இசக்கி பழத்தை மட்டும் தட்டில் வைத்தாள். 60.

"ஒங்க பேத்திய விட எலுமிச்சம்பழம் நல்லா வளந்திருக்குப்பா" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. மாமா பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். கையில் எடுத்த காயின் எடையைத் தராசு இல்லாமலே சொல்லக்கூடியவர். பழத்தோடு வெளியே போய்விட்டார். அன்று மாலை டின் வந்து குளிர்பதனப் பெட்டியின் மேல் உட்கார்ந்தது. கோமதி அதைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதியது இது: "எம் பாலு பத்தலன்னு நீங்க அங்கன இருந்துக்கிட்டே முடிவு பண்ணிட்டீங்களா?" நான் பதில் எழுதத் தொடங்கி ஆறு முறை அழித்தேன். என் ஏடு பொய்யாகிவிட்டது என்பதுதான் அந்நேரம் என் துக்கமாக இருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இத்தனை நாள் பக்கங்களில் எந்தப் பழம் எத்தனை கிராம் என்று யார் சொல்வது?

மறுநாள், பதினைந்தாம் நாள், நர்ஸ் வந்தார். பாக்கியம் சிஸ்டர் என்று அழைப்பார்கள். ஐம்பதைத் தாண்டியவர், ஸ்கூட்டியில் வருவார். நான் மதிய இடைவேளையில் அழைத்தபோது அவர் உள்ளே உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியாது. வழக்கம்போல் இசக்கி முகம் வந்தது. வழக்கம்போல் "ஒரு நிமிசம் அத்தான்" என்றாள். பின்னாலிருந்து ஓர் அதட்டல்.

"ஏம்மா, எதுக்குப் பிள்ளைய எடுக்க? இன்னும் குடிச்சி முடிக்கலயே."

கோமதியின் குரல் மெல்லக் கேட்டது. "அவங்க கூப்பிடுதாங்க சிஸ்டர்."

"யாரு?"

"வீட்டுக்காரவுக. வெளிநாட்ல இருக்காக."

"இருக்கட்டும். அவருக்கு என்ன, பசிக்கா?"

இசக்கி சிரிப்பை அடக்குவது திரை ஆடியதில் தெரிந்தது. பிறகு சிஸ்டரே போனை வாங்கினார். நரைத்த தலையும் மூக்குக் கண்ணாடியும் திரையில் வந்தன.

"சார், வணக்கம். நான் வந்து ஒண்ணரை மணி நேரமா இங்கனதான் இருக்கேன். இந்த ஒண்ணரை மணி நேரத்துல குளிச்சிட்டு வந்தவங்க ரெண்டு கூட்டம், இப்ப நீங்க. மூணு தடவ பிள்ளைய மார்லருந்து எடுத்துட்டாங்க. ஒங்க பிள்ளை மூணு வாரம் முந்திப் பொறந்தது. அது சாது இல்ல சார், தெம்பு இல்ல. எடுத்தா அப்பிடியே தூங்கிரும். திரும்ப எந்திரிக்க மூணு மணி நேரம். தூங்குத பிள்ளைய எழுப்பப்பிடாதுன்னு இவங்க வேற சொல்லுதாங்க."

"எடை..." என்று ஆரம்பித்தேன்.

"எடை நான் பாத்துக்கிடுதேன். நீங்க போன வைங்க."

வைத்துவிட்டேன். இப்படி ஒருவர் என்னை என் வீட்டிலிருந்து வெளியே போகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பிறகு நடந்ததை இசக்கி எழுதி அனுப்பினாள். சிஸ்டர் கதவைச் சாத்தியிருக்கிறார். கோமதியின் முதுகுக்குத் தலையணை கொடுத்து, குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பி, வாயை அகலமாகத் திறக்கும் வரை காத்திருந்து சேர்த்திருக்கிறார். தூங்கினால் உள்ளங்காலில் சுண்டி எழுப்பச் சொல்லியிருக்கிறார். ஒரு பக்கத்தைக் குழந்தை தானாக விடும்வரை எடுக்கக்கூடாது. முதலில் வேகமாகக் குடிக்கும், அப்புறம் மெதுவாகக் குடிப்பதில்தான் கொழுப்பு இருக்கிறது. முடிந்ததும் கொஞ்சம் பால் பீய்ச்சி, மூக்கு வைத்த பாலாடைக் கிண்ணத்தில் புகட்ட வேண்டும். எடை ஏறும்வரை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பியாக வேண்டும். அத்தையிடம், "இவளுக்குத் தண்ணி குடுக்காம வச்சிருக்கீங்களா? வயிறு பெருத்தா பெருக்கட்டும், தாகத்துக்குக் குடிக்கட்டும்" என்றாராம். டின்னைப் பார்த்து, "அது அங்கனயே இருக்கட்டும். தேவைன்னா தப்பில்ல. இப்பத் தேவையில்ல. மூணு நாள் பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அன்று நான் என் போனின் அழைப்புப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டேன். இசக்கியிடம் அவள் சுவரில் ஒட்டியிருந்த பால் கொடுத்த நேரத் தாளைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அந்தத் தாளும் நான் கேட்டு அவர்கள் எழுதியதுதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். காலை 10.35 பால், 10.40 என் அழைப்பு. மாலை 5 மணி பால், 5.10 என் அழைப்பு. ஒன்றல்ல, பத்தல்ல. நான் வேலைக்குப் போகும் நேரமும், சாப்பிடும் நேரமும், வீடு திரும்பும் நேரமும் என் மகளுக்குப் பசிக்கும் நேரத்தின் மேல் போய் விழுந்திருந்தன. விருந்தினர் பட்டியல் ஒன்று பொறாமையோடு எழுதி வைத்திருந்தேன் என்றேனே, வாசுதேவநல்லூர், இலத்தூர், மதுரை வேன். அதில் அதிகம் வந்து போனவன் பெயர் மட்டும் விடுபட்டிருந்தது.

மூன்று நாள் நான் அழைக்கவில்லை. சிஸ்டர் சொன்னதற்காக மட்டுமல்ல. அழைத்து என்ன பேசுவதென்று தெரியாமலும்தான். அந்த நாட்களில் ஏட்டில் எதுவும் இல்லை. இருபது வருடத்தில் அப்படி மூன்று வெற்றுப் பக்கங்கள் அதில் கிடையாது.

ஐந்தோவனில் என் எதிர்வீட்டு டச்சுப் பெண்ணுக்கு அதே மாதம் குழந்தை பிறந்திருந்தது. இந்த நாட்டில் 'க்ராம்ஸோர்க்' என்று ஓர் ஏற்பாடு. பிரசவமான வீட்டுக்குப் பயிற்சி பெற்ற பெண் ஒருத்தி ஒரு வாரம் தினமும் வந்து, பால் கொடுப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்து, வீட்டையும் கூட்டிப் பெருக்கி, பார்க்க வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பாள். 'மூன்றிலிருந்து நாலு வரை' என்று அவர்கள் கதவில் சீட்டு ஒட்டியிருந்ததைப் பார்த்து, பச்சைப்பிள்ளையைப் பார்க்கக்கூட முன்பதிவா என்று நான் கோமதியிடம் கிண்டல் செய்திருந்தேன். எங்கள் வீட்டில் கதவு திறந்தே இருக்கும் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். அந்தத் திறந்த கதவு வழியாகத்தான் நானும் போய் வந்துகொண்டிருந்தேன். ஆனாலும் சீட்டு ஒட்டிய வீடுதான் சரி என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. அந்தப் பெண்ணைப் பார்க்க மூன்றிலிருந்து நாலுக்குள்ளும் யாரும் வராத நாட்கள் உண்டு. எதிர் ஜன்னல் எனக்குத் தெரியும்.

என் அட்டை பதினாறாம் நாள் கைக்கு வந்தது. பதினெட்டாம் நாள் காலை தென்காசி ரயில் நிலையத்தில் இறங்கினேன். பதினோரு நிமிடத் தாமதம். மேற்கே மலை தெரியவில்லை, மேகம். ஆட்டோவின் இரு பக்கமும் சாரல் அடித்தது. மேலகரம் வீட்டு வாசலில், மழையில் நாற்காலி போட்டுக் குடை பிடித்துக்கொண்டு மாமா உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு கார் நின்றிருந்தது. காருக்குள் இருந்தவர்களிடம் அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"மெயின் அருவில தண்ணி அருமையா விழுது. மொதல்ல போயிக் குளிங்க. அப்புறம் அஞ்சருவி. அப்புறம் சாப்பிட்டுட்டு நிதானமா ஊருக்குப் போயிச் சேருங்க. பிள்ள எங்க போயிரப் போவுது? ஆவணியில வாங்க."

"ஒரு எட்டுப் பாத்துட்டுப் போயிருதோம் அண்ணாச்சி."

"கதவு பூட்டிருக்கு. சாவி எங்கிட்ட இல்ல."

கார் போனதும் என்னைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் என்னையும் ஒரு கணம் தடுப்பவர்போல் எழுந்தார். பிறகு குடையை என் தலைக்கு மேல் நீட்டினார். "நேத்து ஆஸ்பத்திரில 2650" என்றார் முதல் பேச்சாக. மூன்று நாளில் எண்பது. "அவங்க தராசுலதான் பாத்தேன். நம்ம தராச கடைக்கே கொண்டு போயிட்டேன் மாப்ள."

உள்ளே அறைக்கதவு சாத்தியிருந்தது. நான் தட்டவில்லை. வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டேன். இசக்கி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்ன அத்தான், லைன்ல நிக்கீங்களா?" என்றாள். இருபத்தாறு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்தேன், அதை விட முடியவில்லை. கதவு திறந்தபோது கோமதியின் கன்னம் ஒட்டியிருந்தது. குழந்தை வாயோரம் பால் வழியத் தூங்கிக்கொண்டிருந்தாள். திரையில் பார்த்ததைவிடச் சின்னவளாக இருந்தாள். பவுடர் இல்லை, பொட்டு இல்லை.

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "பால் குடிக்கா, அப்புறம் கூப்பிடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே."

கோமதி குழந்தையின் வாயோரத்தைத் துடைத்தாள். "நீங்க மொகத்தப் பாக்கத்தான கூப்பிடுதீக. அந்த ஒரு நிமிசம் ஒங்க மொகம் எப்பிடி இருக்கும்னு ஒங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்." பிறகு, "பாதியில எடுக்கும்போதெல்லாம் சங்கடமாத்தான் இருக்கும். அப்புறம் குடுத்துக்கிடலாம்னு நெனப்பேன். அப்புறம் அவ எந்திரிக்கமாட்டா" என்றாள்.

டின்னைப் பற்றி நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தாள்.

இருபத்திரண்டாம் நாள் 2790. பிறந்த எடையைத் தாண்டிவிட்டாள். டின் திறக்கப்படவேயில்லை, மாமா அதைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்தார். என் அழைப்புகள் நின்றதால் ஏறியதா, உட்காரும் விதம் மாறியதாலா, எழுப்பிப் பால் கொடுத்ததாலா, பாலாடையாலா, மாமாவின் நாற்காலியாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே நாளில் தொடங்கின. பாக்கியம் சிஸ்டரிடம் கேட்டேன். "பிள்ள ஏறிட்டுல்லா. அதுல எதுக்கு ஆராச்சி?" என்றார். நான் இல்லாத மூன்று நாட்களில்தான் அவள் தேறினாள் என்பது மட்டும் நிச்சயம். தகப்பன் எழுதிவைக்க வேண்டிய விசித்திரமான வரி. எழுதி வைத்திருக்கிறேன்.

ஐந்தாம் மாதம் அவர்களை ஐந்தோவனுக்கு அழைத்து வந்தேன். இங்கே குழந்தைகளை வளர்ச்சி பார்க்க அழைக்கும் நிலையத்துக்கு 'கொன்சுல்தாட்ஸிபூரோ' என்று பெயர். மரைக்கே என்ற நர்ஸ், குழந்தையை வெறும் தராசில் வைத்தாள். ஆறு கிலோ நூறு. வளைகோடுகள் அச்சடித்த தாளை எடுத்து, ஐந்து மாதத்துக்கு நேரே புள்ளி வைத்தாள். புள்ளி ஆகக் கீழே உள்ள கோட்டை ஒட்டி விழுந்தது. கோமதியின் கை என் முழங்கையைப் பிடித்தது. மரைக்கே எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "ஹிந்துஸ்தானியா?" என்று கேட்டாள். மதத்தைக் கேட்கிறாள் என்று எண்ணி நான் எங்கள் குலதெய்வம் சாஸ்தாவிலிருந்து ஆரம்பித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு இழுப்பறையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தாள். சுரினாம் நாட்டின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் சந்ததியில் பெரும்பகுதி இந்த நாட்டில் குடியேறியிருக்கிறது. அவர்களின் குழந்தைகளை வைத்து வரைந்த தனி வளைகோடாம் அது. அதில் புள்ளி வைத்தாள். நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே, சௌகரியமாக விழுந்தது.

"எது சரி?" என்று கோமதி கேட்டாள். அவளுடைய முதல் டச்சுக் கேள்வி.

மரைக்கே தோளைக் குலுக்கினாள். "பால் குடிக்கிறாள், சிரிக்கிறாள், கோட்டின் போக்கிலேயே ஏறுகிறாள். போதும்" என்றாள். ஆனாலும் எதை அழிப்பது என்று முடிவு செய்யாமல், இரண்டு தாள்களையும் என் மகள் பெயர் போட்ட கோப்பிலேயே வைத்தாள். இரண்டு புள்ளிகளும் பென்சிலில் இருந்தன.

அந்த மக்களை ஏற்றிய கப்பல்கள் கல்கத்தாவிலிருந்து போனதாகவும், ஏறியவர்கள் பெரும்பாலும் வடக்கத்தியர்கள் என்றும் படித்தேன். அவர்களில் தாமிரபரணிப் பக்கத்து ஆள் ஒருவராவது, ஒரே ஒரு தாயாவது இருந்தாளா, என் மகளை அந்தக் கோட்டில் நிறுத்த எங்களுக்கு ஏதாவது பாத்தியதை உண்டா என்பதைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை சரிபார்க்க முடியவில்லை.